உங்கள் உண்மையான போட்டியாளர் யார்?

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ விளையாட்டின் வணிகத்தைப் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சி. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். விளையாடும்போதும் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு கசிந்தது என்று எழுதிக்கொண்டே இருப்பேன். போர்க்களத்தைவிட அந்த நோட்டுதான் எனக்குச் சுவையானது.

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட விளையாட்டு இது. ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து 1821 வரை நடத்திச் செல்ல வேண்டும். உலகின் சரக்கெல்லாம் வணிக மையங்கள் வழியாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறது. ஏரிச் சங்கிலியில் மேல் ஏரி நீர் கீழ் ஏரிக்கு இறங்குவதைப் போல. அதனால் இந்த மையங்களை நான் மடை என்றே எழுதுகிறேன். ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் ஆகிய மூன்றும் கடைமடைகள். அவற்றுக்கு அப்பால் சரக்கு எங்கும் போகாது. ஒவ்வொரு மடையிலும் உங்கள் வணிகர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: அங்கேயே வசூலிக்கலாம், அல்லது சரக்கை அடுத்த மடைக்குத் திருப்பிவிடலாம்.

கேள்வி: போர்ச்சுகலாக விளையாடுகிறேன். ஆண்டு 1490. செவில் மடையில் காஸ்டீல் பாதிக்கு மேல் அள்ளிக்கொண்டு போகிறது. இத்தனைக்கும் என் கூட்டாளி. கூட்டணியை முறித்துக்கொண்டு அதன் மேல் வணிகத் தடை விதிக்கலாமா? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: வேண்டாம், தம்பி. நீங்கள் தவறான ஆளின் மேல் கோபப்படுகிறீர்கள்.

காஸ்டீல், அதாவது பின்னாளில் ஸ்பெயினான அரசு, செவிலில் வசூலிக்கிறது, நீங்களும் அங்கேதான் வசூலிக்கிறீர்கள். ஒரே ஏரியில் இருவர் இறைக்கிறீர்கள். பார்வைக்கு அது போட்டிதான். ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் காஸ்டீல் அட்லாண்டிக்கைக் கடக்கும். கரீபியன் மடையின் சரக்கைச் செவிலுக்குத் திருப்பிவிடும். அந்தச் சரக்கிலும் உங்கள் வணிக வலுவுக்கு, அதாவது அந்த மடையில் உங்களுக்குள்ள பிடிக்கு, ஏற்ற பங்கு உங்களுக்கு வரும். கப்பலும் படையும் அவர்கள் செலவு, வசூலில் பங்கு உங்களுக்கு. இப்படிப்பட்ட அண்டை நாட்டை முறித்துக்கொள்ள எந்தக் கணக்கும் இடம் தராது.

செவில் மடையைச் சொடுக்கி, யார் யார் அங்கே என்ன செய்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். வசூலிப்பவர்களை விட்டுவிடுங்கள். திருப்பிவிடுபவர்களைப் பாருங்கள். ஜெனோவாவின் வணிகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். செவிலிலிருந்து ஜெனோவாவுக்கு ஒரு வாய்க்கால் இருக்கிறது. அவர் சத்தமில்லாமல் அந்த வாய்க்காலில் உங்கள் ஏரியைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பார். காஸ்டீல் எடுப்பது ஏரிக்குள் பங்கு. ஜெனோவா எடுப்பதோ ஏரியின் நீர். உங்கள் போட்டியாளர் ஜெனோவா.

தடை விதிப்பதாக இருந்தால் அங்கே விதியுங்கள். சொந்த மாகாணங்களால் கிடைக்கும் வலு உங்களுக்கு அதிகமுள்ள மடையில்தான் தடை கடிக்கும், செவிலில் அந்த வலு உங்களுக்கு இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். போட்டி நாடு என்று அறிவிக்காத ஒரு நாட்டின் மேல் தடை விதித்தால், உங்கள் சொந்த வணிகத் திறனில் 5 சதவீதம் குறையும். போட்டி நாடாக அறிவித்துவிட்டு விதித்தால் அந்த இழப்பு இல்லை, செல்வாக்கும் கூடும். மூன்று போட்டி நாடுகளுக்குத்தான் இடம். அந்த மூன்று இடங்களைப் பழைய பகைக்காகவோ வரைபடத்தின் நிறம் பிடிக்காததற்காகவோ வீணாக்காதீர்கள். உங்கள் மடையிலிருந்து யார் இழுக்கிறார்கள் என்று பார்த்து நிரப்புங்கள்.

வரலாற்றில் போர்ச்சுகலும் காஸ்டீலும் என்ன செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. 1475-இல் வாரிசுரிமைக்காகப் போர் மூண்டது. 1478-இல் கினி கடற்கரையில் கடற்போரே நடந்தது. பிறகு 1479-இல் அல்காசோவாஸ் உடன்படிக்கை: கினி வணிகம் போர்ச்சுகலுக்கு, கேனரித் தீவுகள் காஸ்டீலுக்கு. 1494-இல் டோர்டெசியாஸ்: கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (அந்தக் காலக் கடல் தொலைவு அளவு) தொலைவில் ஒரு கோடு. 1529-இல் சரகோசா: மொலுக்காஸ் தீவுகளின் மீதான உரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுக்க ஸ்பெயினுக்குப் போர்ச்சுகல் 3,50,000 டுகாட் பொற்காசு கொடுத்தது. ஐம்பது ஆண்டுகளில் மூன்று பேச்சுவார்த்தைகள். ஒவ்வொன்றும் ‘நீ எந்த வாய்க்காலில் இறைக்கிறாய், நான் எதில் இறைக்கிறேன்’ என்று பிரித்துக்கொண்டதுதான். உலகத்தையே அவர்களுடைய சொத்தாக எண்ணிக் கோடு கிழித்தார்கள் என்பதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. ஆனால் இரு அண்டை நாடுகள் வணிகப் போட்டியை எப்படிக் கையாளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தக் காலத்தில் இல்லை.

கேள்வி: இங்கிலாந்தாக விளையாடி வங்காளத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டேன். அங்கே ஒரு வணிகரை வசூலுக்கு வைத்திருக்கிறேன். ஆனாலும் வருமானம் கூடவில்லையே? – ஒரு வாசகி

பதில்: அந்த வணிகரை இன்றே வசூலிலிருந்து எடுத்துவிடுங்கள். தாய் மடையை, அதாவது உங்கள் முதன்மை வணிகத் துறைமுகம் உள்ள மடையை, தவிர வேறு எங்கே வசூலித்தாலும் உங்கள் வலு அங்கே பாதியாகிவிடும். பத்து ஆண்டுகள் போரிட்டுச் சேர்த்த வலுவில் பாதியை ஒரே சொடுக்கில் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

வங்காளச் சரக்கை மேற்கே திருப்பிவிடுங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு மடையிலும் ஒருவரை வைத்து அடுத்த மடைக்குத் தள்ளுங்கள். வணிகர் தள்ளிவிடும் சரக்கின் மதிப்பு வழியில் சற்றுக் கூடவும் செய்யும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிடித்த மாகாணங்களை வணிகக் கம்பெனியில் சேர்த்து, அந்த வட்டாரத்தின் வலுவில் பாதியைத் தாண்டிவிட்டால் கூடுதலாக ஒரு வணிகர் கிடைப்பார். சங்கிலிக்கு ஆள் போதவில்லை என்ற கவலை அப்படித்தான் தீரும்.

சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது என்று தேட வேண்டிய முதல் இடத்தையும் சொல்கிறேன்: ஐவரி கோஸ்ட். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கீழ்த்திசைச் சரக்கெல்லாம் அங்கே வந்து நிற்கும். அங்கிருந்து செவிலுக்கும் போகலாம், பிரான்சின் போர்டோவுக்கும் போகலாம், ஆங்கிலக் கால்வாய்க்கும் வரலாம். அங்கே யாருக்கு வலு அதிகமோ அவர் பக்கம்தான் மடை திறக்கும். நெதர்லாந்தாக நான் ஆடிய ஓர் ஆட்டத்தில் 1610 முதல் 1670 வரை என் நோட்டில் ஒரே குறிப்புதான்: ‘ஜாவாவில் வலு கூடுகிறது, ஆம்ஸ்டர்டாமில் வருமானம் நிற்கிறது.’ அறுபது ஆண்டுகள் ஜாவாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஐவரி கோஸ்ட்டைத் திறந்து பார்த்தபோது, நான் தள்ளிவிட்ட சரக்கில் பெரும்பங்கு ஸ்பெயினின் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு இலகு கப்பல்களை அங்கே அனுப்பினேன், கரையில் இரண்டு மாகாணங்களைப் பெற்றேன். அதன் பிறகுதான் ஜாவா எனக்குச் சொந்தமானதாக உணர்ந்தேன்.

உங்கள் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட்டில் வலுவாக இருப்பவர் யார் என்று பார்த்து எழுதுங்கள். அது போர்ச்சுகலாக இருந்தால் விளையாட்டு உங்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு கூட்டாளியைக் கையில் கொடுத்திருக்கிறது. இங்கிலாந்தும் போர்ச்சுகலும் 1386-இல் விண்ட்சர் உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகள். கூட்டாளியும் உங்கள் மடையை வற்றடிக்கலாம். அப்போது போர் வேண்டாம், கப்பல்களால் போட்டியிடுங்கள். இலகு கப்பல்களை ஒரு மடைக்கு அனுப்பி வலு சேர்ப்பது யாருடைய உறவையும் கெடுப்பதில்லை. இந்த வசதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தடை விதித்ததற்காக எதிரி போர் தொடுக்க விளையாட்டு அனுமதிக்கிறதே, இது மிகை அல்லவா? வணிகத்துக்காக யாராவது போருக்குப் போவார்களா? – வரலாறு படிக்கும் வாசகர்

பதில்: போயிருக்கிறார்கள், ஐயா. அதுவும் விளையாட்டில் இருப்பதுபோலவே, தடைக்கு மறு ஆண்டிலேயே.

1651 அக்டோபரில் ஆங்கிலப் பாராளுமன்றம் கப்பல் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்காவிலிருந்து வரும் பொருள்கள் ஆங்கிலக் கப்பல்களில் மட்டுமே வர வேண்டும். ஐரோப்பியப் பொருள்களை ஆங்கிலக் கப்பலோ, அந்தப் பொருளை விளைவித்த நாட்டின் கப்பலோதான் கொண்டுவரலாம். சட்டத்தில் டச்சுக்காரர்களின் பெயர் இல்லை. ஆனால் பிறர் சரக்கைச் சுமந்து வாழ்ந்தவர்கள் அவர்கள்தானே! அடி யார் மேல் விழுந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. 1652 மே மாதம் ஆங்கிலக் கொடிக்குத் தலைவணங்குவது பற்றிய தகராறில் இரு கடற்படைகளும் மோதின. 1654 வரை போர் நீடித்தது. பிறகு அந்த நூற்றாண்டிலேயே இன்னும் இரண்டு போர்கள்.

இதில் எனக்கு நெஞ்சில் தைப்பது ரன் என்ற குட்டித் தீவு. இன்றைய இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் ஒன்று. ஜாதிக்காய் விளையும் இடம். ஆங்கிலேயர் அதைத் தங்களுடையது என்றார்கள், டச்சுக் கம்பெனி விடவில்லை. 1667-இல் பிரேடா உடன்படிக்கை எழுதியபோது ரன் டச்சுக்காரர்களிடம் தங்கியது. ஆங்கிலேயர் பிடித்திருந்த நியூ நெதர்லாந்து, அதாவது இன்றைய மன்ஹாட்டன் உள்ளிட்ட பகுதி, ஆங்கிலேயரிடம் தங்கியது. அன்றைய கணக்கில் டச்சுக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. ஜாதிக்காய் அன்று தங்கள் கையை விட்டுப் போகக்கூடாத சரக்கு. பேரேட்டில் அன்றைய விலை இருக்கும், நாளைய விலை இருக்காது. அந்தத் தீவுகளின் மக்களை இந்தப் பேரேடுகளில் யாரும் எழுதவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1621-இல் பாண்டா மக்களை டச்சுக் கம்பெனி கொன்றும் விரட்டியும் தீவுகளைக் காலிசெய்தது. விளையாட்டில் ஜாதிக்காய்க்குத் தனிப் படம் கூட இல்லை, நறுமணப் பொருள் என்ற ஒரு சிறு படம்தான் வருகிறது. அந்தப் படத்தைச் சொடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

விளையாட்டுக்கு வருவோம். லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் ஆங்கிலக் கால்வாய் என்ற ஒரே கடைமடையில் இருக்கின்றன. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் இங்கே பொருந்தாது. செவிலில் கசிவை அடைத்தால் காஸ்டீலுக்கும் உங்களுக்கும் சேர்ந்தே லாபம். கடைமடையில் கசிவே கிடையாது. வந்து சேர்ந்ததை யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. அவர்கள் எடுப்பதெல்லாம் உங்களுக்கு வராதது. இங்கே தடையும் போரும் அர்த்தமுள்ளவை. போரில் வென்றாலும் நிலத்தைக் கேட்காமல் வணிக வலுவை மாற்றித் தரச் சொல்லும் நிபந்தனையை எழுதிப் பாருங்கள். மாதாமாதம் வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: வெனிஸாக விளையாடுகிறேன். மூன்றே ஆண்டுகளில் ஃபெராராவையும் மாந்துவாவையும் பிடித்தேன். இப்போது ஏழு நாடுகள் எனக்கு எதிராக ஒன்றுசேர்ந்திருக்கின்றன. என்ன செய்ய? – ஒரு வாசகர்

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு மாகாணத்தையும் பிடிக்கும்போது அக்கம்பக்கத்து நாடுகளின் மனத்தில் ஆக்கிரமிப்பு அவப்பெயர் ஏறுகிறது. புனித ரோமப் பேரரசுக்குள் உள்ள நிலம் என்றால் இன்னும் வேகமாக ஏறும். ஒரு நாட்டின் மனத்தில் அது 50-ஐத் தொட்டுவிட்டால் அந்த நாடு எதிர்க்கூட்டில் சேரலாம்.

உண்மையான வெனிஸுக்கும் இதேதான் நடந்தது. 1508 டிசம்பரில் காம்ப்ரே கூட்டு: போப் இரண்டாம் ஜூலியஸ், பிரான்சின் பன்னிரண்டாம் லூயி, பேரரசர் மாக்சிமிலியன், ஸ்பெயினின் ஃபெர்டினாண்ட். ஒருவரை ஒருவர் நம்பாத நால்வர், வெனிஸின் பேராசை ஒன்றை மட்டும் நம்பி ஒன்றுசேர்ந்தார்கள். 1509 மே 14 அன்று அக்னாடெல்லோவில் வெனிஸின் படை நொறுங்கியது. இத்தாலிய நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்தது.

வெனிஸ் எப்படி மீண்டது என்று பாருங்கள், உங்களுக்கு வேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது. படையைத் திரட்டி நால்வரையும் எதிர்க்கவில்லை. ஒருவரைப் பிரித்தது. போப் கேட்ட ஊர்களைக் கொடுத்துச் சமாதானம் பேசியது. 1510-இல் போப் வெனிஸை மன்னித்தார். பிரான்ஸ்தான் பெரிய ஆபத்து என்று அவரே கருதத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பிரான்சுக்கு எதிரான கூட்டில் வெனிஸ் உறுப்பினர்!

உங்கள் ஏழு நாடுகளில் எது உங்களைக் குறைவாக வெறுக்கிறது என்று பாருங்கள். இராஜதந்திரி ஒருவரை அங்கே அனுப்பி உறவை வளர்க்கச் சொல்லுங்கள். அந்த நாடு கழன்றதும் அடுத்தது. அவப்பெயர் ஆண்டுக்கு ஆண்டு தானாகவும் இறங்கும். பொறுமையாக இருந்தால் பதினைந்து ஆண்டுகளில் தீரும். அதுவரை ஒரு ஊரைக்கூடத் தொடாதீர்கள். அலெக்சாண்ட்ரியாவில் கவனத்தைத் திருப்புங்கள். வெனிஸுக்குச் சரக்கு அங்கிருந்து வருகிறது. ஃபெராராவிலிருந்து அல்ல.

கேள்வி: எத்தனை நாடுகளோடு கூட்டணி வைத்துக்கொள்ளலாம்? – பள்ளி மாணவி

பதில்: தொடக்கத்தில் நான்கு உறவுகள் வரை செலவில்லை. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு இராஜதந்திரப் புள்ளி போகும். நான் எப்போதும் ஓரிடத்தைக் காலியாக வைத்திருப்பேன். நெருக்கடியில் கதவைத் தட்டும் நாட்டுக்கு இடம் வேண்டும்.

கேள்வி: விஜயநகரத்தை எடுத்து ஆடுகிறேன். ஐரோப்பியக் கம்பெனிகள் வந்துவிட்டால் என் கதி என்ன? இந்தியாவின் செல்வமெல்லாம் மேற்கே போவதாகவே விளையாட்டை அமைத்திருப்பது நியாயமா? – ஒரு வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நியாயமில்லை. இந்த விளையாட்டில் நான் நேசிப்பவை ஏராளம், மன்னிக்க முடியாதது இந்த ஒன்று. வாய்க்கால்களின் திசை 1444-லேயே முடிவு செய்யப்பட்டுவிட்டது. கன்னியாகுமரி மடையிலிருந்து சரக்கு ஐரோப்பாவை நோக்கித்தான் இறங்கும். நீங்கள் உலகத்தையே வென்றாலும் லண்டன் துணி கோரமண்டலத்துக்கு ஓடி வராது. வாஸ்கோ ட காமா வந்ததோ 1498-இல்தான். 1444-இல் இந்தியப் பெருங்கடலின் வணிகர்களுக்கு ஐரோப்பா ஒரு ஓரம். அந்த உண்மையை இந்த வரைபடம் மறைக்கிறது. 2025-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நிலையான திசைகளை நீக்கி, வளரவும் தேயவும் கூடிய சந்தைகளை வைத்திருக்கிறார்கள். பெரிய ஆறுதல்.

நான்காம் பாகத்திலேயே ஆடுவதென்றால், திசையை மாற்ற முடியாது, ஆனால் கடைமடைக்குப் போகும் முன் நிறுத்திக்கொள்ளலாம். 200 இராஜதந்திரப் புள்ளிகள் கொடுத்து உங்கள் முதன்மை வணிகத் துறைமுகத்தைக் கன்னியாகுமரி மடைக்கு மாற்றுங்கள். வங்கமும் மலாக்காவும் உங்களுக்குத் தலைமடை. அங்கே வலுவாக இருப்பவர்களோடு உறவு கொண்டாடுங்கள். மேற்கிலிருந்து வந்து உங்கள் மடையில் உட்கார்ந்து இழுப்பவர்களைப் போட்டி நாடாக்குங்கள். அவர்களில் எல்லோரையும் ஒரே நேரத்தில் பகைக்க வேண்டாம்.

விஜயநகரம் அப்படித்தான் செய்தது. போர்ச்சுக்கீசியர் 1510-இல் கோவாவைப் பிடித்த பிறகு, அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வரும் போர்க்குதிரைகள் அவர்கள் கைவழியே வரத் தொடங்கின. 1547-இல் விஜயநகரம் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. குதிரைகள் விஜயநகர வணிகர்களுக்கு, பீஜப்பூருக்குக் கிடையாது என்பது அதன் சாரம். தலைமடைக்காரரிடம் பேசி, எதிரியின் வாய்க்காலை அடைப்பது இதுதான். விளையாட்டில் குதிரைக்கென்று தனிப் பேச்சுவார்த்தை இல்லாதது எனக்கு இன்னும் குறையாகவே இருக்கிறது.

கேள்வி: போட்டி நாட்டின் மடைக்குக் கடற்கொள்ளைக் கப்பல்களை அனுப்பும் வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துகிறீர்களா? – முதல் கேள்வி கேட்ட மாணவரின் அண்ணன்

பதில்: பயன்படுத்துகிறேன், போட்டி நாடாக நான் அறிவித்தவர்கள் மேல் மட்டும். அந்தக் காலத்தில் அரசர்களே உரிமக் கடிதம் கொடுத்து இதைச் செய்தார்கள். 1856-இல் பாரிஸ் பிரகடனம் வந்த பிறகுதான் அந்த வழக்கம் ஒழிந்தது. போர் அறிவிக்காமலே எதிரியின் வசூலைக் குறைக்கலாம், கொள்ளையில் பங்கும் வரும். ஆனால் நீங்களே வசூலிக்கும் மடைக்கு அவர்களை அனுப்பாதீர்கள். அங்கே எல்லோருடைய பங்கும் சுருங்கும், உங்களுடையதும் சேர்த்து. உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: செவிலுக்கு வேண்டாம். ஜெனோவாவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.